பார்த்தேன் என்று எழுதிய ஆளுநர்: மோர்டனிலிருந்து ஒரு சாமுராய் கண்காட்சிக்கு

போன பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, மத்திய லண்டனில் உள்ள ஒரு சிறிய காட்சிக்கூடத்துக்குப் போனேன். மத்தியகால ஜப்பானில் வாழ்ந்த ஒரு சாமுராய் பிரபுவின் வாழ்க்கையை ஐந்து அறைகளில் வைத்திருந்தார்கள். நான் யாழ்ப்பாணத்தில் ஆறு வருடம் வரலாறு படிப்பித்தவன். இங்கே பரீட்சை மண்டபங்களில் பிள்ளைகள் பார்த்து எழுதாமல் காவல் நிற்கிறேன். வந்த புதிதில் என் பட்டச் சான்றிதழை வேலை தேடித் தரும் அலுவலகத்தில் காட்டியபோது, அங்கே இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, காகிதம் அழகாக இருக்கிறது என்றாள். ஆகவே எனக்கு வரலாறு வேண்டுமென்றால் நான்தான் காசு கொடுத்துப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கிறது.

காட்சிக்கூடத்தின் பெயரைப் போட மாட்டேன். போன வருடம் இந்தப் பக்கத்தில் அவர்களைப் பற்றி இரண்டு நல்ல வரி எழுதினேன். என்னைக் கேட்காமல் அதை எடுத்து விளம்பரம் போட்டார்கள். என் பெயரைப் போடவில்லை. முகவரி வேண்டியவர்கள் கீழே கருத்துப் பகுதியில் கேளுங்கள், தனியாக அனுப்புகிறேன்.

தனியாகப் போகத்தான் நினைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை மாலை ரட்ணம் போன் எடுத்தான். ரட்ணம் என்பவன் என்னிலும் ஒன்பது வயது இளையவன். ஈஸ்ட் ஹாமில் ஒரு கடைக்கு மேலே, ஒரே அறையில், நான்கு வருடம் என்னோடு இருந்தவன். எனக்கு விசா கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. இருபத்தொரு வருடமாகக் காகிதம் இல்லாமல் இந்த ஊரில் இருக்கிறான். இருபது வருடம் தொடர்ந்து இங்கே இருந்ததாக நிறுவினால் விசா கேட்கலாம் என்று சட்டத்தரணி சொல்லியிருக்கிறார். பிந்திய வருடங்களுக்கு டாக்டரின் கடிதங்கள், கோயில் ரசீதுகள் என்று ஏதோ சேர்த்துவிட்டான். முதல் நான்கு வருடத்துக்கு ஒன்றும் இல்லை. வாடகை என் பெயரில், கரன்ட் பில் என் பெயரில். அந்த நான்கு வருடமும் அவன் இங்கே இருந்ததைப் பார்த்தவன், இன்று கையெழுத்து வைக்கக்கூடியவன், நான் ஒருவன்தான்.

"திங்கட்கிழமை லோயர் கேஸை அனுப்பிறார் அண்ணை. உங்கட கடிதம் மட்டும்தான் குறை" என்றான். அவன் கேட்பது இது நான்காம் தடவை. மூன்று தடவையும் நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். இந்த முறை, நாளை வீட்டில் நிற்க மாட்டேன், கண்காட்சிக்குப் போகிறேன் என்றேன். "நீங்கள் எங்க போறியளோ நானும் அங்க வாறன்" என்றான்.

மோர்டனில் 10.04 நோர்தர்ன் லைன் ரயில். தொடக்க நிலையம் என்பதால் எப்போதும் இருக்கை கிடைக்கும், இந்த ஊரில் எனக்கு இருக்கும் ஒரே சலுகை அதுதான். கெனிங்டனில் இறங்கி எதிர்ப்பக்கம் மாறி, டோட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் 10.43க்கு வெளியே வந்தேன். சனிக்கிழமைக் கட்டணம் 3 பவுண்ட் 40. ரட்ணம் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து எலிசபெத் லைனில் வந்திருந்தால் இருபது நிமிடமும் ஆகாது. அவன் இரண்டு பஸ் மாறி, ஒரு மணி பதினைந்து நிமிடம் எடுத்து, 1 பவுண்ட் 75க்கு வந்து எனக்கு முன்னே நின்றான். கையில் ஒரு பழுப்பு உறை. கழுத்துவரை பூட்டிய ஜாக்கெட். கல்யாண வீட்டுக்கு வந்தவன் மாதிரித் தலை சீவியிருந்தான்.

நிலையத்திலிருந்து காட்சிக்கூடம் 650 மீற்றர், எட்டு நிமிட நடை. நான் வேண்டுமென்றே அவனை இடது பக்கம் விட்டு நடந்தேன். எனக்கு இடது காது கேட்காது. அவன் பேச்சைக் கேட்காமலிருக்க அதுவே போதும். அவனோ பத்து அடி போவதற்குள் பின்னால் சுற்றி வலது பக்கம் வந்துவிட்டான். நான் மாறினேன். அவனும் மாறினான். இந்த ஊரில் புதிதாகச் சந்திக்கும் எல்லாருக்கும் நான் சொல்ல வேண்டியிருக்கிறது, தயவுசெய்து இந்தப் பக்கம் நில்லுங்கள் என்று. வேலையிடத்தில் ஏழு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ரட்ணத்துக்கு மட்டும் சொல்லத் தேவையில்லை. ஏனென்றால் அந்தக் காது போன நாளில் அவன் அங்கே இருந்தான்.

அதை இங்கே எழுதாமல் மேலே போக முடியாது. நாங்கள் இருவரும் ஒரு பெற்றோல் செட்டில் வேலை செய்தோம். ஒரு ஞாயிறு காலை, வெளிச்சத்தில், மூன்று பேர் வந்து சிகரெட் பெட்டிகளை அள்ளினார்கள். தடுத்தேன். போத்தலால் இடது காதோடு சேர்த்து அடித்தார்கள். விழுந்த பிறகும் அடித்தார்கள். கமரா வேலை செய்யவில்லை. ரட்ணம் பின்னால் ஸ்டோர் அறையில் இருந்தான். பொலிஸ் வருவதற்குள் பின் கதவால் போய்விட்டான். விசா இல்லாதவன், பொலிஸுக்குப் பயப்பட்டான், அது எனக்கு விளங்குகிறது. அன்றும் விளங்கியது. ஆனால் அவன் அத்தோடு நிற்கவில்லை. நம் ஆட்கள் கேட்டபோதும், தான் அன்று ஷிப்டில் இல்லை என்றான். நான்தான் சண்டையைத் தொடங்கினேன் என்று முதலாளி சொன்னார், வேலையால் நிறுத்தினார். ரட்ணம் உள்ளே இருந்தான், கேட்டுப் பாருங்கள் என்று நான் சொன்னது எனக்கே பொய்யாகத் திரும்பி வந்தது. முதலாளியும் தமிழர், கேட்டவர்களும் தமிழர். காதைவிட அதுதான் வலித்தது. இன்றுவரை.

டிக்கெட் ஆளுக்கு 12 பவுண்ட். ரட்ணத்துக்கும் நானே எடுத்தேன். பெருந்தன்மை அல்ல, அவன் வாசலில் நின்று என்னைக் காவல் காப்பதை நான் விரும்பவில்லை.

முதல் அறையில் ஆளுநரின் பிள்ளைப் பருவம். அந்தப் பிரபுவை ஆளுநர் என்றே எழுதுகிறேன். சிறு வயதில் ஒரு பெயர், பெரியவனானபோது ஒரு பெயர், கடைசியில் துறவு பூண்டபோது ஒரு பெயர் என்று மூன்று வைத்திருந்தவரை எந்தப் பெயரால் எழுதுவது? பையன்களுக்குத் தலைமயிரைக் கட்டி, பெரியவனாகிவிட்டான் என்று அறிவிக்கும் சடங்கு அங்கே இருந்திருக்கிறது. அன்று ஷோகன், அதாவது படையாட்சித் தலைவர், தன் பெயரிலிருந்து ஓர் எழுத்தை இவருக்குத் தானமாகக் கொடுத்தாராம். நிலம் இல்லை, குதிரை இல்லை, ஓர் எழுத்து. அதைப் பெயரில் ஒட்டிக்கொண்டு வாழ்நாள் முழுக்க நன்றியோடு இருக்க வேண்டும். மேலே இருப்பவர்கள் செலவில்லாமல் கொடுக்கும் கலையை எல்லா நாட்டிலும் கற்று வைத்திருக்கிறார்கள்.

இரண்டாம் அறையில் கவசம். எல்லாரும் அங்கேதான் கூட்டமாக நின்று படம் எடுத்தார்கள். தோலும் இரும்புத் தகடும் பட்டுக் கயிறும். நான்கு நிமிடம் போதும். உங்கள் நேரத்தை மூன்றாம் அறைக்கு வைத்திருங்கள்.

மூன்றாம் அறையில்தான் இவர் ஒரு மாகாணத்துக்கு ஆளுநர் ஆகிறார். ஷுகோ என்று அந்தப் பதவிக்குப் பெயர். தொடக்கத்தில் வேலை சிறியது: காவல் கடமைக்கு வீரர்களைத் திரட்டுவது, கொலைகாரனைப் பிடிப்பது, கலகக்காரனைப் பிடிப்பது. போர்க்காலம் வந்ததும் படைச் செலவுக்கென்று விளைச்சலில் பாதியை எடுக்கும் உரிமை கிடைத்தது. போர் முடிந்த பிறகும் அந்தப் பாதியை விடவில்லை. விடுவார்களா?

அந்த அறையின் மூலையில், வெளிச்சம் குறைத்த கண்ணாடிப் பெட்டியில், ஒரு நீளத் தாள் இருந்தது. கவசம் பார்த்தவர்கள் ஒருவரும் அதற்குக் கிட்டப் போகவில்லை. ஆளுநரின் கீழே போரிட்ட ஒரு சாதாரண வீரன் எழுதிக் கொடுத்த விண்ணப்பம். விளக்கப் பலகையில் முழு மொழிபெயர்ப்பும் இருந்தது. ரட்ணம் கண்ணாடிக்கு முன்னால் குனிந்து நின்றான். அவனுடைய ஆங்கிலம் கடைக்குப் போதும், பலகைக்குப் போதாது.

"இதில என்னண்ணை எழுதிக் கிடக்கு?"

சொல்லாமல் விடத்தான் நினைத்தேன். ஆனால் ஆறு வருடம் படிப்பித்த வாய் சும்மா இருக்காது. சொன்னேன். இன்ன நாள் படையில் வந்து சேர்ந்தேன் என்கிறான். ஆற்றங்கரையில் முன்னணியில் நின்றேன் என்கிறான். இடது தோளில் அம்புக் காயம், தொடையில் வாள் காயம் என்கிறான். ஒவ்வொரு காயத்துக்கும் பக்கத்தில் ஒருவர் வந்து பார்த்து, ஆழம், ஆழமில்லை என்று குறித்திருக்கிறார். பிறகு, அந்த இடத்தில் என்னோடு நின்ற இரண்டு பேர் இதைப் பார்த்தார்கள் என்று அவர்களின் பெயரைச் சொல்கிறான். அவர்கள் இவனுடைய சொந்தக்காரர் அல்ல, வேறு வீட்டின் ஆட்கள். பின்னாளில் சான்றாக வைத்திருக்க ஆளுநரின் கையொப்பம் வேண்டும் என்று முடிக்கிறான். தாளின் ஓரத்தில் ஆளுநர் தன் கையால், பார்த்தேன் என்று எழுதி, கொடி சுற்றியது போன்ற தன் கையொப்பக் குறியைப் போட்டிருக்கிறார். அவ்வளவுதான். இந்தத் தாள் இல்லாவிட்டால் அவன் போரிடவில்லை, காயப்படவில்லை. பரிசும் இல்லை, நிலமும் இல்லை.

"சண்டை பிடிச்சதுக்கும் சாட்சி கேட்டவங்களோ?"

"ஓம்."

"அப்ப இவனுக்கும் ஒரு லோயர் இருந்திருப்பான்."

சிரிப்பு வந்தது. அவனுக்கு முன்னால் சிரிக்கக் கூடாது என்று இருமினேன். ரட்ணம் இன்னும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பெரியவர் அந்த இடத்தில நிக்கேல்லைத்தானே அண்ணை. பிறகு ஏன் பார்த்தேன் எண்டு எழுதினவர்?"

"பக்கத்தில நிண்டவன் சொன்னதை நம்பி."

நான் அந்த ஆழம் என்ற சொல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் காதுக்கு ஆஸ்பத்திரியில் தந்த கடிதத்தில், விழுந்ததாலும் ஏற்பட்டிருக்கலாம் என்று இருந்தது. அறுநூறு, எழுநூறு வருடத்துக்கு முன், பாதிப்பேருக்குப் படிப்பறிவு இல்லாத ஒரு படைமுகாமில், ஒரு மனிதன் வந்து குனிந்து காயத்தைப் பார்த்து ஆழத்தை எழுதியிருக்கிறான். ஆத்திரத்தில் கண்ணாடியில் கையை ஊன்றிவிட்டேன். கண்ணாடியில் கை வைக்க வேண்டாம் என்று காவலாளி வந்து சொன்னார்.

நான்காம் அறை முழுக்கத் தலைநகர வாழ்க்கை. ஆளுநர்கள் தலைநகரில் ஷோகனின் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டுமாம். தேநீர், கூடியிருந்து கவி கட்டுதல், கூத்து. மாகாணத்தை நடத்தியவர் இவருடைய துணை ஆளுநர். பஞ்சம் வந்தால் அவர், வழக்கு வந்தால் அவர், கலகம் வந்தால் அவர். கவிதை எழுதியவர் இவர். இரண்டு தலைமுறைக்குப் பிறகு துணை ஆளுநரின் பேரன்கள் மாகாணத்தையே எடுத்துக்கொண்டார்கள் என்று பலகையின் அடியில் சிறிய எழுத்தில் இருந்தது. அதைப் பெரிய எழுத்தில் போட்டிருக்க வேண்டும்.

ஐந்தாம் அறையில் துறவியான ஆளுநரின் மொட்டைத் தலை ஓவியமும் ஒரு கடிதமும் மட்டும். முதுமையில் இவர்மேல் ஷோகனுக்குச் சந்தேகம் வந்திருக்கிறது. கலகக்காரரோடு பேசினார் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்த நாளில் தான் எங்கே இருந்தார், என்ன செய்தார் என்று வரிசையாக எழுதி, தன் வீரர்கள் தனக்கு எழுதியதைப் போலவே, மேலே அனுப்பியிருக்கிறார். தனக்குச் சாட்சியாக இரண்டு பெயரைச் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. ஆளுநர் பதவி போனது. தாளின் ஓரம் வெறுமையாக இருந்தது. ஆளுநர்களை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் அந்த வெறும் ஓரத்துக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன்.

ரட்ணம் வலது பக்கம் வந்து நின்றான்.

"அண்டைக்கு நான் ஷிப்டில நிண்டனான் அண்ணை."

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியும் எண்டு எனக்கும் தெரியும்."

கீழ்த்தளத்தில் தேநீர்க்கடை இருக்கிறது. தேநீர் 3 பவுண்ட் 60, காகிதக் கோப்பையில், பாலை நாமே ஊற்ற வேண்டும். மூலை மேசையில் இருந்துகொண்டு, உறையைத் தா என்றேன். சட்டத்தரணி தட்டச்சு செய்த கடிதம். இன்னாரை இன்ன காலம் முதல் நேரில் அறிவேன், ஒரே அறையில் வசித்தோம், நான் கண்டதையே சொல்கிறேன் என்று இருந்தது. எல்லாம் உண்மை. ஒரு சொல்லும் பிழையில்லை, அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. கையெழுத்து வைக்காமல் அதை என் முழங்கைக்குக் கீழே வைத்துக்கொண்டேன். என் குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்து, முதலில் நீ எழுது என்றேன்.

"என்னத்தை?"

"அண்டைக்குப் பார்த்ததை. தமிழில எழுது."

"இனி இதை ஆருக்குக் குடுக்கப் போறியள்?"

"எனக்கு."

இருபத்தைந்து நிமிடம் எழுதினான். தேநீர் ஆறி ஆடை படர்ந்தது. எழுதும்போது என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. தாளின் இரு பக்கமும் நிரம்பியதும் திருப்பி என் பக்கம் தள்ளினான்.

எல்லாம் சரியாக இருந்தது. மூன்று பேர், அவர்களில் ஒருவன் சிவப்புத் தொப்பி. முதல் அடி அவர்களுடையது. போத்தல் இரண்டாம் அடியில்தான் உடைந்தது. ஸ்டோர் கதவின் சிறு கண்ணாடியால் பார்த்துக்கொண்டே தாழ்ப்பாளை இரண்டு முறை திறந்ததாகவும் இரண்டு முறையும் திரும்பப் போட்டதாகவும் எழுதியிருந்தான். அதற்குக் கீழே, நான் அவனைப் பெயர் சொல்லி இரண்டு தரம் கூப்பிட்டதாக எழுதியிருந்தான். எனக்கு அது நினைவில்லை. நான் யாரையும் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. இத்தனை வருடமாக அவன் மட்டும் அதை வைத்திருந்திருக்கிறான்.

தாளை இன்னொரு தரம் முதலிலிருந்து வாசித்தேன். பிறகு அவன் தாளின் ஓரத்தில், பார்த்தேன் என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டேன். சட்டத்தரணியின் கடிதத்திலும் கையெழுத்து வைத்தேன். ரட்ணம் நன்றி சொல்ல வாயெடுத்தான், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். மன்னித்துவிட்டேன் என்று வாசிப்பவர்கள் யாரும் எண்ண வேண்டாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அந்த முதலாளியையோ ஆஸ்பத்திரியையோ அவனையோ நினைத்தால் எனக்கு இன்னும் பல்லைக் கடிக்கத்தான் வருகிறது. முன்பு என் கோபத்துக்குச் சாட்சி இல்லை, இப்போது இருக்கிறது. அது எவ்வளவு பெரிய மாற்றம் என்று சாட்சி இல்லாமல் கோபப்பட்டவர்களுக்குத் தெரியும்.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கவசத்துக்கு முன்னால் அதை வீணாக்க வேண்டாம். காலை 11 மணிக்கு முன் போனால் மூன்றாம் அறை காலியாக இருக்கும். காட்சி அறைகளுக்குள் பென்சில் மட்டும்தான் பாவிக்கலாம், பேனா எடுத்தால் காவலாளி வருவார். தேநீர்க்கடையில் பேனாவுக்குத் தடையில்லை. ஐந்தாம் அறையில் ஒரே ஒரு இருக்கை இருக்கிறது. சாப்பாட்டைக் கையில் கொண்டு போங்கள், அங்கே ஒரு பாண் துண்டுக்குக் கேட்கும் விலையை நான் இங்கே எழுதினால் நீங்கள் போகவே மாட்டீர்கள்.

இன்னொன்று. முக்கியமான காகிதங்களை வேறு காகிதங்களோடு கலந்து பைக்குள் வைக்காதீர்கள். நிலையத்துக்கு முன்னால் வந்ததும் ரட்ணத்தின் பஸ் நின்றது. சரி அண்ணை, வாறன் என்று சொல்லிவிட்டு ஓடினான். நான் ஸ்டேஷன் படியில் பயண அட்டைக்காகப் பையைத் திறந்தேன். அவனுடைய பழுப்பு உறை உள்ளே இருந்தது. என் குறிப்புப் புத்தகத்தோடு சேர்த்து நானே எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுமென்று செய்யவில்லை. அப்படித்தான் நம்புகிறேன். திங்கட்கிழமை அனுப்ப வேண்டிய கடிதம்.

அவன் ஒரு காலை பஸ்ஸுக்குள் வைத்துவிட்டான். முன்னால் பத்துப் பேர், வீதி முழுக்கச் சத்தம். ரட்ணம் என்று கூப்பிட்டேன், ஒரு தரம்தான்.

பஸ்ஸை விட்டுவிட்டு ஓடி வந்து உறையை வாங்கினான். அடுத்த பஸ்ஸுக்கு ஒன்பது நிமிடம் இருந்தது. அதுவரை என் வலது பக்கம் நின்றான்.